36 படம் போதும்!

உங்கள் செல்போனில் எத்தனை போட்டோக்கள் இருக்கின்றன?

ஆயிரமா? ஐயாயிரமா? பத்தாயிரமா? பலருக்குக் கணக்கே தெரியாது.

சரி, போகட்டும். கடைசியாகக் குடும்பத்தோடு வெளியூர் போனீர்களே, அங்கே எடுத்த படங்களில் எத்தனை இப்போது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கின்றன? எத்தனை ஆல்பத்தில் இருக்கின்றன? ஊர் திரும்பிய பிறகு ஒரு தடவையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்தீர்களா?

“இல்லை” என்பதுதான் பெரும்பாலோர் பதிலாக இருக்கும்.

படம் எடுப்பது பெருகி விட்டது. எடுத்த படத்தைப் பார்ப்பது குறைந்து விட்டது. பார்த்த படத்தைப் பத்திரப்படுத்துவது அதைவிடக் குறைந்து விட்டது.

இதற்கு மருந்து என்ன? பழைய பிலிம் சுருள்தான் என்பது என் அபிப்பிராயம்.

“பிலிமா? அது பழைய காலத்துச் சமாசாரம் ஆயிற்றே!” என்று நீங்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

சுருளின் கணக்கு

பிலிம் காமிராவில் எண்ணிக்கை உண்டு. அந்தக் காலத்துப் பெட்டிக் காமிராவில் அகலமான சுருள் போடுவார்கள். பல காமிராக்களில் அதற்கு 12 படம் கிடைக்கும். பிற்காலத்தில் வந்த சிறிய காமிராக்களில் ஒரு சுருளுக்கு 36 படம். கெட்டிக்காரர்கள் 37, 38 கூட எடுப்பார்கள். அதற்கு மேல் சுருள் நகராது.

ஒரு குடும்பம் கன்னியாகுமரிக்குப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்று நாள் பயணம். கையில் ஒரே ஒரு சுருள். நாளுக்கு 12 படம்தான் எடுக்கலாம்.

குடும்பத் தலைவர் காமிராவைக் கண்ணருகே கொண்டு போவார். உடனே எடுத்து விட மாட்டார்.

“கொஞ்சம் இருங்க. அக்கா எங்கே?” என்பார்.

கடற்கரையில் சங்கு வாங்கிக் கொண்டிருக்கும் அக்காவை அழைத்து வர ஒரு பையன் ஓடுவான். அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவார்கள். வேன் ஓட்டி வந்தவரையும், “நீங்களும் வந்து நில்லுங்க, அண்ணே!” என்று கூப்பிடுவார்கள். எல்லோரும் வந்து சேர்ந்து, எல்லோரும் கண் விழித்து நின்ற பிறகுதான் பொத்தானை அமுக்குவார்.

ஒரே ஒரு படத்துக்காக ஒரு குடும்பமே ஒரு நிமிஷம் ஒன்றாக நின்றது. யார் வரவில்லை என்று பார்த்தது. வராதவரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தது. இதைச் செய்ய வைத்தது அந்தச் சுருளின் சிக்கனம்தான்.

இப்போது அதே கடற்கரையில் ஆளுக்கு ஒரு செல்போன். ஆளுக்கு நூறு படம். ஆனால் எல்லோரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பல குடும்பங்களில் இருக்காது. “அப்புறம் எடுத்துக் கொள்ளலாம்” என்று சொல்லி விடுகிறோம். அந்த “அப்புறம்” வருவதே இல்லை.

பழைய பயணப் படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. படம் எடுத்த அப்பா படத்தில் இருக்க மாட்டார். ஆனால் அவருடைய நிழல் இருக்கும்! சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுக்க வேண்டும் என்பது பெட்டிக் காமிராவின் பாடம். ஆகையால் காலை வெயிலில் அவர் நிழல் நீண்டு, பிள்ளைகளின் காலடியில் வந்து விழுந்திருக்கும். தொப்பியும் இரண்டு முழங்கைகளும் தெளிவாகத் தெரியும். எத்தனையோ வீடுகளில் அப்பாவின் ஊட்டிப் பயணத்துக்கு அந்த நிழல்தான் சாட்சி.

கடைசிச் சுருள்

“எண்ணிக்கை குறைந்தால் நல்ல படம் எப்படி வரும்?” என்று கேட்பார்கள்.

ஒரு நடந்த சம்பவத்தைச் சொல்கிறேன். கோடக் கம்பெனியின் கலர் பிலிம்களில் கோடக்குரோம் என்பது உலகப் புகழ் பெற்றது. 2009-ம் ஆண்டில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. ஆலையில் கடைசியாகத் தயாரான சுருள், ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் புகைப்பட நிபுணர் கையில் கொடுக்கப்பட்டது.

அதில் 36 படம்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஒரு சுருளோடு நாடு நாடாகப் பயணம் செய்தார். இந்தியாவுக்கும் வந்தார். பம்பாயில் சினிமா நடிகர்களையும், ராஜஸ்தானத்தில் ஆடு மாடு மேய்க்கும் மக்களையும் எடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யோசித்தார். 2010-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சிற்றூரில் அந்தச் சுருள் கழுவப்பட்டது. உலகம் முழுவதும் அந்தப் படங்களைப் பார்த்தது.

உலகப் புகழ் பெற்றவருக்கே 36 போதும் என்றால், நமது குடும்பத்துக்குப் போதாதா?

காத்திருக்கும் சுகம்

பிலிமில் இன்னொரு விசேஷம் உண்டு. எடுத்த உடனே பார்க்க முடியாது.

பல வீடுகளில் ஒரு சுருள் முடிய மாதக் கணக்காகும். தீபாவளிக்குத் தொடங்கிய சுருள் பொங்கலில்தான் முடியும். “இன்னும் நாலு படம் பாக்கி இருக்கு. முடிஞ்சதும் கழுவக் கொடுக்கலாம்” என்பார்கள். பிறகு ஸ்டூடியோவில் கொடுத்து விட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். உறை வந்த அன்று வீட்டில் திருவிழாதான்!

கை கழுவி விட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக எடுத்து, ஒருவர் பார்த்த பின் அடுத்தவரிடம் கொடுப்பார்கள். அதில் ஒன்று ஆடியிருக்கும். ஒன்றில் மாமா கண்ணை மூடியிருப்பார். சுருளின் முதல் படம் பாதி வெளுத்துப் போயிருக்கும். அதையும் எறிய மாட்டார்கள். அதற்கும் காசு கொடுத்தாயிற்றே!

தீபாவளிப் பட்டாசையும் பொங்கல் கரும்பையும் ஒரே உறையில் பார்க்கும்போது, மறந்து போன ஒரு நாள் மறுபடி வீட்டுக்குள் வருகிறது. ஞாபகம் என்பது அப்படித்தான் ஊறும். பயணம் போய் வந்த அலுப்பு தீர்ந்த பிறகு அந்தப் படங்கள் கைக்கு வரும். அப்போது இரண்டாவது தடவை அந்த ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். டிக்கெட் செலவு இல்லாத பயணம் அது!

வீட்டுக்கு வந்த காமிரா

புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. வெகு காலம் அது நிபுணர்களின் கலையாகவே இருந்தது. கண்ணாடித் தகடு, முக்காலி, கறுப்புத் துணி, மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் சுமந்து போக வேண்டும். சாதாரணக் குடும்பத்தார் அதைத் தொட முடியாது.

இதை மாற்றியவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர். 1888-ல் அவர் கோடக் என்ற பெயரில் ஒரு பெட்டிக் காமிராவை விற்றார். உள்ளே 100 படத்துக்கான சுருள் இருக்கும். விலை 25 டாலர். 100 படமும் எடுத்து முடித்ததும் காமிராவையே தபாலில் கம்பெனிக்கு அனுப்பி விட வேண்டும். அவர்கள் படங்களை அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900-ல் அதே கம்பெனி பிரௌனி என்ற காமிராவை ஒரே ஒரு டாலருக்குக் கொண்டு வந்தது. குழந்தைகள் கூடப் படம் எடுத்தார்கள். 1925-ல் ஜெர்மனியில் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தது. சினிமா எடுக்கும் சிறு பிலிமையே அதில் போட்டார்கள். காமிரா சட்டைப் பைக்கு வந்து விட்டது.

நம் ஊரில் நிலைமை வேறு. காமிரா சொந்தமாக வைத்திருந்த வீடுகள் குறைவு. “போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும்” என்று பயந்தவர்களும் உண்டு. கல்யாணம் ஆனதும் புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். தாஜ்மகால் எழுதிய திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்பார்கள். அவ்வளவுதான். பாட்டி காலமான பிறகு படம் வேண்டும் என்றால், ஏதாவது ஒரு குரூப் போட்டோவில் ஓரமாகத் தெரியும் அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவார்கள். பல வீடுகளில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படம் அப்படி வந்ததுதான். ஆயுள் முழுவதற்கும் ஒரே ஒரு படம்!

அந்த ஒரு படத்தை நாம் எப்படிப் பாதுகாத்தோம்? கண்ணாடிச் சட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைத்தோம். குறைவாக இருந்ததால் அருமை தெரிந்தது.

ஊட்டியில் பிறந்த பிலிம்

பிலிம் வெளிநாட்டுச் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்த ஆலை இருந்தது.

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அந்த நிறுவனத்தை மத்திய சர்க்கார் 1960-ல் தொடங்கியது. இடம் ஊட்டி. பிலிம் செய்யத் தூசி இல்லாத காற்று வேண்டும். குளிர்ச்சி வேண்டும். ஊட்டியில் இரண்டும் உண்டு. 1967-ல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. பிலிமுக்கு “இந்து” என்று பெயர். கறுப்பு வெள்ளைப் பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ அச்சிடும் காகிதம் எல்லாம் அங்கே தயாராயின. எத்தனையோ கல்யாணங்களும் பள்ளிக்கூட வகுப்புப் படங்களும் ஊட்டிச் சரக்கில் பதிவாயின.

பிறகு கலர் பிலிம் வந்தது. அதன் பிறகு பிலிமே இல்லாத டிஜிட்டல் காமிரா வந்தது. ஆலை நஷ்டத்தில் விழுந்தது. கடைசியில் மூடப்பட்டது.

அந்த டிஜிட்டல் காமிராவை 1975-ல் முதன் முதலில் செய்து காட்டியவர் யார் தெரியுமா? பிலிம் விற்ற கோடக் கம்பெனியின் என்ஜினீயர் ஸ்டீவன் சாசன்தான்! அந்தக் கம்பெனியே 2012 ஜனவரியில் கடன் தாங்காமல் கோர்ட்டுக்குப் போயிற்று. ஆனால் பிலிம் செத்து விடவில்லை. கோடக் பிலிம் இன்றும் அமெரிக்காவில் தயாராகிறது. இங்கிலாந்தில் இல்போர்டு கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாராகிறது. வாலிபர்கள் பலர் தாத்தாவின் காமிராவைத் துடைத்து மறுபடி கழுத்தில் மாட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

நெகடிவ் என்ற விதைநெல்

பிலிமில் படம் எப்படி விழுகிறது?

பிலிமின் மேல் பசை போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. அதற்குள் வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பொடி. காமிரா கண் திறந்து மூடும் ஒரு கணத்தில் வெளிச்சம் உள்ளே வருகிறது. வெளிச்சம் பட்ட துகள்களில் மாறுதல் உண்டாகிறது. ஆனால் அப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டறையில் மருந்தில் போட்டால், வெளிச்சம் பட்ட துகள்கள் மட்டும் கறுப்பு வெள்ளியாக மாறுகின்றன. இன்னொரு மருந்து மிச்ச உப்பைக் கரைத்து விடுகிறது. தண்ணீரில் அலசிக் கொடியில் உலர்த்தினால் நெகடிவ் தயார். வெள்ளைச் சட்டை கறுப்பாகவும், கறுத்த தலைமுடி வெள்ளையாகவும் தெரியும். அதிலிருந்து காகிதத்தில் அச்சிட்டால் எல்லாம் நேராகி விடும்.

நம் கல்யாணப் போட்டோவில் இருப்பது அன்றைய வெளிச்சம். அப்பா முகத்தில் பட்டுத் திரும்பிய அதே வெளிச்சம் அந்த வெள்ளியைத் தொட்டிருக்கிறது. இதை நினைத்தால் நெகடிவைக் குப்பையில் போட மனம் வராது.

நெகடிவ் என்பது விதைநெல். காகிதப் படம் சோறு. சோறு தீர்ந்து போகலாம், கெட்டும் போகலாம். விதைநெல் இருந்தால் மறுபடி விளைவிக்கலாம். கிழிந்த படத்துக்குப் புதுப்படம் போடலாம். ஆனால் நம் வீடுகளில் என்ன நடந்தது? படத்தை ஆல்பத்தில் வைத்தோம். நெகடிவை உறையோடு எங்கேயோ போட்டோம். ஸ்டூடியோக்கள் மூடியபோது பெட்டி பெட்டியாக நெகடிவ்கள் எடைக்குப் போயின. வெள்ளியைப் பிரித்து எடுப்பதற்காகவே பழைய பிலிம்களை வாங்குகிறவர்கள் உண்டு. பாட்டன் முகத்தை உருக்கி வெள்ளி எடுத்தால் எத்தனை குன்றிமணி தேறும்?

நல்ல வேளையாகச் சிலர் விழித்துக் கொண்டார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போயிற்று. 1880 முதல் 1980 வரையிலான படங்களைப் பிரதி எடுத்துப் பாதுகாத்தது. ஆராய்ச்சியாளர்கள் செய்ததை நம் வீட்டளவில் நாம் செய்யக் கூடாதா?

பனிக்குள் 33 ஆண்டு

பிலிம் எவ்வளவு காலம் தாங்கும்? இதோ ஓர் அதிசயம்.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஆன்ட்ரே என்பவரும் இரண்டு தோழர்களும் 1897 ஜூலை 11-ந் தேதி ராட்சத பலூனில் ஏறி வடதுருவத்துக்குப் புறப்பட்டார்கள். மூன்றாம் நாள் பலூன் பனிப்பாறையில் இறங்கி விட்டது. மூவரும் மாதக் கணக்கில் பனியில் நடந்தார்கள். பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நாடு தேடியது. கிடைக்கவில்லை.

33 ஆண்டுகள் சென்றன. 1930-ல் ஒரு நார்வே கப்பல் ஆளில்லாத ஒரு பனித் தீவில் ஒதுங்கியது. அங்கே அவர்களுடைய உடல்களும் சாமான்களும் கிடைத்தன. பிலிம் சுருள்களும் கிடைத்தன! நனைந்து உறைந்து கிடந்த பிலிம் அது. ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நிபுணர் பொறுமையாகக் கழுவினார். 240 படத்தில் 93 படம் உயிர் பெற்றது. சாய்ந்து கிடக்கும் பலூன், அதைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு மனிதர்கள், பனிக் கரடி, படகு எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் பயணம் திரும்பி வந்தது.

சேற்றில் தேடிய படங்கள்

அது வீரர்கள் கதை. குடும்பங்களின் கதை ஒன்றும் உண்டு.

2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. கடல் பொங்கி ஊர்களை அடித்துக்கொண்டு போயிற்று. உயிர் தப்பியவர்கள் வீடு இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தபோது சேற்றில் எதைத் தேடினார்கள்? போட்டோ ஆல்பத்தைத்தான் பலர் தேடினார்கள். மீட்புப் பணிக்குப் போன தொண்டர்களும் இதைக் கண்டார்கள். சேற்றில் கிடந்த படங்களைப் பொறுக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, துணி உலர்த்துவது போலக் கவ்வி மாட்டி உலர்த்தினார்கள். யமமோத்தோ என்ற ஒரே ஊரில் மட்டும் சுமார் 7 லட்சத்து 50 ஆயிரம் படங்கள் சேர்ந்தன! அவற்றைப் பரப்பி வைத்து, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். இறந்து போன பிள்ளையின் முகம் ஒரு காகிதத் துண்டில் தாய்க்குத் திரும்பக் கிடைத்தது.

காகிதமாக இருந்ததால்தான் கிடைத்தது. சேற்றிலிருந்து எடுத்த செல்போனுக்குள் யாருடைய முகம் இருக்கிறது என்று தொண்டருக்கு எப்படித் தெரியும்?

நமக்கும் அந்த வேதனை தெரியும். 2004 டிசம்பர் 26-ந் தேதி நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளைச் சுனாமி தாக்கியது. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. அரிசி போனால் வாங்கலாம். கட்டில் போனால் வாங்கலாம். படம் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

எதிர்க்கட்சியின் வாதம்

செல்போன் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

“பிலிம் விலை அதிகம்” என்கிறார்கள். மெய்தான். சுருளுக்கு ஒரு விலை. கழுவ ஒரு கூலி. அச்சிட ஒரு கூலி. சிறிய ஊர்களில் கழுவ ஆளே இல்லை. நகரத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும்.

“வெளிநாட்டில் இருக்கும் மகன் தன் குழந்தையின் முகத்தை அந்த நிமிஷமே அம்மாவுக்குக் காட்ட முடிகிறதே!” என்கிறார்கள். அதுவும் மெய்தான். அந்தத் தாயிடமிருந்து செல்போனைப் பிடுங்கச் சொன்னால் அது பாவம்.

“பிலிமும் கெட்டுப் போகிறதே!” என்கிறார்கள். ஆம். நம் ஊர் ஈரக் காற்றில் நெகடிவில் பூஞ்சை பிடிக்கும். பழைய பிலிம் சில புளிக்காடி வாடை அடித்து நெளிந்து போகும். 1970-களில் எடுத்த கலர்ப் படங்கள் பல, நீலம் வெளிறி, செம்மண் நிறமாகி விட்டன.

இவ்வளவையும் ஒப்புக் கொள்கிறேன். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கெட்டுப் போகிற பிலிம் கெடுகிறேன் என்று கண்ணுக்குக் காட்டிக் கெடுகிறது. மங்கிய படத்தில் கூட முகம் தெரிகிறது. செல்போன் கெட்டால் ஒரு நொடியில் எல்லாம் போய் விடுகிறது. கடவு எண் மறந்து போனால் சொந்தப் படமே பூட்டிக் கொள்கிறது.

ஆகையால் நான் சொல்வது இதுதான். சேதி சொல்ல செல்போன் இருக்கட்டும். ஞாபகம் வைக்க பிலிம் இருக்கட்டும். குடும்பத்தோடு போகும் ஒரு பயணத்துக்கு ஒரு சுருள். ஆண்டுக்கு ஒன்று போதும்.

ஒரு சுருளுக்குக் கூட வசதி இல்லையா? சுருளை வாங்க முடியாதவர்கள் சுருளின் கட்டுப்பாட்டை வாங்கிக் கொள்ளலாம். அதற்கு விலை கிடையாது. இந்தப் பயணத்தில் 36 படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று செல்போனிலேயே உறுதி எடுத்துக் கொள்ளுங்கள். அதில் 12 படத்தைப் பொறுக்கிக் காகிதத்தில் அச்சிடுங்கள்.

பெயர் இல்லாத முகம்

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ராமேசுவரம் யாத்திரையின்போது எடுத்த பழைய குரூப் போட்டோ இருக்கிறது. அதில் 11 பேர். அந்த வீட்டு ஆச்சிக்கு வயது 88. ஒரு நாள் பேரன் கேட்டான்:

“ஆச்சி, ஓரத்திலே நிக்கிற இந்த அம்மா யாரு?”

ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு பார்த்தார்.

“இவளா? இவ நமக்குச் சொந்தம் இல்லேப்பா. பக்கத்து வீடு. உங்க தாத்தாவுக்கு அம்மை போட்டிருந்தப்போ சொந்தக்காரங்க ஒருத்தரும் வாசல்படி மிதிக்கலே. இவதான் தினமும் கஞ்சி வச்சுக் கொண்டாந்தா. ராமேசுவரம் போறப்போ, ‘இவ வராம நான் வர மாட்டேன்’னு தாத்தா சொல்லிட்டாக.”

ஆச்சி அந்த அம்மாளின் பெயரைச் சொன்னார். பேரன் படத்தைத் திருப்பிப் பின்னால் எழுதினான். அதுவரை அந்தப் பெயர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆச்சிக்குப் பிறகு கேட்டிருந்தால்? கஞ்சி கொடுத்த கை, படத்தில் யாரோ ஒரு ஆளாக நின்றிருக்கும்.

படம் முகத்தைத்தான் காப்பாற்றும். பெயரை நாம்தான் காப்பாற்ற வேண்டும். காகிதப் படத்துக்கு முதுகு இருக்கிறது. அதில் எழுத இடம் இருக்கிறது. பிலிமும் காகிதமும் நமக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

என்ன செய்யலாம்?

படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தில் கறை விழும். பால்பாயிண்டு அழுந்தினால் முன் பக்கம் தடம் தெரியும். ஊர், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர்கள். இவ்வளவு போதும்.

ஒட்டும் தாள் உள்ள ஆல்பம் வேண்டாம். ஆண்டுகள் செல்லச் செல்லப் படம் அதோடு ஒட்டிக் கொண்டு கிழியும். முனை செருகும் பழைய மாதிரி ஆல்பம் நல்லது.

நெகடிவை விரலால் தொடாதீர்கள். ஓரத்தைப் பிடியுங்கள். காகித உறையில் போட்டு, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். சமையலறைப் பக்கமும், ஓட்டுக் கூரையின் சூட்டுக்கு அடியிலும் வேண்டாம்.

பழைய படங்களைச் செல்போனில் பிரதி எடுத்து, உறவினர் நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். புதிய கருவி பழைய படத்துக்குச் செய்யும் தொண்டு அது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். பரணில் இருக்கும் அந்தப் பழைய பெட்டியை இறக்குங்கள். தூசி தட்டுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ, அவரை வெளிச்சம் உள்ள இடத்தில் உட்கார வையுங்கள். படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். ஒரு பென்சிலைச் சீவி வைத்துக் கொள்ளுங்கள்.

அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.